எல்லைப்புறத் தமிழரும் புதினங்களும்
(ஒரு வாசகனின் மதிப்பீடு)

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களிலும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களிலும் தமிழ் இன்றும் வீட்டு மொழியாக வாழ்கிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுள் பலர் தமிழ் எழுத்தைச் சரளமாகப் படிப்பதில்லை. பேச்சு நிலைத்து எழுத்து நழுவினால், இரண்டு தலைமுறையில் பேச்சும் நழுவும். இதைத் தடுக்க எளிய, செலவு குறைந்த வழி கதை படிப்பதே என்பது என் துணிபு. எந்த வகைப் புதினம் எதற்கு உதவும் என்பதை, பல்லாண்டு வாசகன் என்ற முறையில் இங்கு எண்ணிப் பார்க்கிறேன்.

மர்மக் கதைகள்

பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல்களை இழிவாகப் பேசுவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். சிறு சிறு வாக்கியங்கள், அத்தியாய முடிவில் ஒரு திடுக்கிடல்! எழுத்துக் கூட்டிப் படிக்கும் இளைஞனையும் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்லும் ஆற்றல் அந்நடைக்கு உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அத்தகையதே. ஜீனோ என்னும் இயந்திர நாயை விரும்பாத சிறுவன் அரியன். இவற்றின் குறை, குற்றவாளி யாரெனத் தெரிந்தபின் மறுமுறை படிக்க மிஞ்சுவது குறைவு என்பதே. ஆயினும் இவை வாசலைத் திறந்துவிடுகின்றன. உள்ளே அழைத்துச் செல்வது பெரியவர் கடமை.

வரலாற்றுப் புதினங்கள்

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைத் தமிழ் கற்கும் பாடநூலாகவே கொள்ளலாம். தூய தமிழ், தெளிந்த ஓட்டம், நகைச்சுவை மூன்றும் அதில் உண்டு. எனினும் அரண்மனைக் கதைகளையே படித்து வளர்ந்தால், வரலாறு என்பது அரசர்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் ஊன்றிவிடும்.

இதற்கு நல்ல மாற்று அ. வெண்ணிலாவின் 'நீரதிகாரம்'. ஆனந்த விகடனில் தொடராக வந்து பின்னர் நூலான இப்புதினம் முல்லைப் பெரியாறு அணை எழுந்த கதையைக் கூறுவது. 1887-இல் தொடங்கி 1895-இல் நிறைவேறிய அவ்வணை, இன்றைய இடுக்கி மாவட்டக் காட்டில் உள்ளது. பென்னிகுயிக்கின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் மடிந்த கூலிகளின் பெயர்களை யார் அறிவார்? கல்வெட்டில் இடம் பெறாதவர்களுக்கு இடம் தர வல்லது புதினம் ஒன்றே.

வட்டாரப் புதினங்கள்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது. கணவனை இழந்த பெண்ணொருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்பதும், அதன் விளைவும் கதை. சித்தூர் வட்டத்துத் தமிழர் பலரின் பேச்சு இதே கொங்குப் பேச்சுதான். தம் வீட்டுச் சொல் அச்சேறி இலக்கியமாவதைக் காணும் பிள்ளைக்குத் தன் பேச்சைப் பற்றிய கூச்சம் நீங்கும். நூறு மேடைப் பேச்சால் ஆகாததை இந்த ஒரு நூல் செய்யும்.

மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல தென்மாவட்டங்களின் வறண்ட சீமையிலிருந்து வந்தவை. அவர்களுக்குக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) உறவாகத் தோன்றும். தம் முன்னோர் ஊர்விட்டு வந்து, காட்டைத் திருத்திக் குடியேறிய கதையை அதில் ஒரு முதுபாட்டி சொல்கிறாள். அத்தகைய பாட்டிகள் நம் லயங்களிலும் உண்டல்லவா?

பிற மொழி வழி வந்தவை

நம் மலையையும் நம் ஊரையும் பற்றிய இரு சிறந்த புதினங்கள் வேற்று மொழியில் பிறந்தவை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதியதே 'ரெட் டீ'. இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். இயக்குநர் பாலாவின் 'பரதேசி' (2013) திரைப்படத்துக்கு அடிப்படை இந்நூலே. முன்பணம் வாங்கி மலையேறிய கருப்பனும் வள்ளியும் கடனிலிருந்து மீள முடியாமல் தவிப்பதைப் படிக்கையில் கண் கலங்கும். படத்தைவிட நூல் மேலானது என்பேன். ஏனெனில் பற்றுக் கணக்கு எப்படி ஏறியது, கூலி எப்படிக் கரைந்தது என்பதை அது நிதானமாக விளக்குகிறது. துயரம் எங்கிருந்து வந்தது என அறியாமல் அழுவதில் பயனில்லை.

மற்றொன்று ஓ.வி. விஜயன் மலையாளத்தில் எழுதி 1969-இல் நூலான 'கசாக்கின் இதிகாசம்'. பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக்கே கதையின் கசாக். ஓராசிரியர் பள்ளிக்கு வரும் ரவி, மொல்லாக்கா, அப்புக்கிளி முதலானோர் மறக்க முடியாதவர்கள். இதைத் தமிழாக்கிய யூமா வாசுகி 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். மூலத்தின் சுவையுள் ஒன்று, தமிழ் வாடை வீசும் பாலக்காட்டு மலையாளம். எல்லாமே தமிழாகும்போது அந்தக் கலப்பு எவ்வளவு திறமையிலும் மங்கவே செய்யும். இரு மொழியும் அறிந்த எல்லைப்புறத்தாரே இரண்டையும் அருகருகே வைத்துப் படித்து முழுச்சுவை பெறக் கூடியவர்கள். இருமொழி நமக்குச் சுமையன்று, செல்வம்.

நாம் செய்ய வேண்டியது

நம் மலையின் கதையை ஒரு மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதினார். நம் அண்டை ஊரின் கதையை மலையாளத்தின் பேரெழுத்தாளர் எழுதினார். இருவருக்கும் நன்றி கூறுவோம். ஆனால் கொழுந்து பறித்த கையும், எல்லை கடந்து சந்தைக்குச் சென்ற காலும் தாமே தமிழில் எழுதும் புதினங்கள் இன்னும் பல வர வேண்டும். அவற்றுக்கு வாசகர் இருந்தால்தான் எழுத்தாளர் தோன்றுவர்.

கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 வாசிப்பு நாளாகப் போற்றப்படுகிறது. அந்நாளில் ஒவ்வொரு தமிழ் அமைப்பும் ஒரு தமிழ்ப் புதினத்தைத் தேர்ந்து, சிறுவர் உரக்கப் படிக்க, முதியோர் கேட்டுத் தம் நினைவுகளைச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். முதியோர் சொல்வதைச் சிறுவர் தமிழில் எழுதி வைக்கட்டும். நாளைய புதினத்துக்கு அதுவே விதைநெல்.