சர்வீஸ்ல இருந்து லேப்டாப் வந்துடுச்சு, ஆனா வேலை செய்யல: அடுத்து என்ன?

மழை சீசன் வந்தாலே நம்ம தாம்பரம் ஏரியாவுல லேப்டாப் சர்வீஸ் கடைகள்ல கூட்டம் கூடிடும். கடையில இருந்து திரும்பி வந்த லேப்டாப் ஆன் ஆகும். ஆனா வைஃபை வராது, இல்ல சவுண்ட் வராது, இல்ல ஏதோ ஒரு நீல ஸ்கிரீன் வந்து நிக்கும். "சரி, ஃபார்மேட் பண்ணிடலாம்"னு நாமும் முடிவு பண்ணிடுவோம். அந்த முடிவுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு சொல்றதுதான் இந்தக் கட்டுரை. இதை நான் புத்தகத்துல படிச்சு எழுதல, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

எங்க வீடு முடிச்சூர்ல, தரைத்தளம். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழை பெய்ததே, அந்த வெள்ளத்தையும் பார்த்த வீடு. அதனால அப்பா வருஷா வருஷம், "முக்கியமான பேப்பரெல்லாம் பரண் மேல வைங்கப்பா"ன்னு சொல்லுவார். யாரும் வைக்க மாட்டோம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்னைக்குக் காலையில கட்டில் கால் வரைக்கும் தண்ணி. பீரோ கீழ் தட்டுல இருந்த சர்டிஃபிகேட் ஃபைல் ஊறிப் போச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல இருந்த லேப்டாப் பேகும் நனைஞ்சு போச்சு. அந்த சர்டிஃபிகேட், வீட்டுப் பத்திரம் எல்லாத்தோட ஸ்கேன் காப்பியும் இருந்தது ஒரே இடத்துலதான். அந்த லேப்டாப்ல.

கிழக்குத் தாம்பரத்துல ஒரு கடையில கொடுத்தோம். பத்து நாள் கழிச்சு கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். "போர்டு போயிடுச்சு தம்பி, மாத்திட்டேன். எஸ்எஸ்டி நல்லா இருக்கு." சந்தோஷமா ஓடினேன். ஆன் பண்ணினா நீல ஸ்கிரீன்ல 48 இலக்க எண் ஒண்ணு கேக்குது. அண்ணன் பார்த்துட்டு, "லாக் ஆயிடுச்சு போல. ஃபார்மேட் போட்டு புது விண்டோஸ் ஏத்திடவா? அரை மணி நேரம்தான்"னார்.

"சரிண்ணா"ன்னு சொல்ல வாய் திறந்துட்டேன். நல்லவேளை, சொல்லல.

முதல் கேள்வி: என்ன மாத்தினாங்க?

சர்வீஸுக்கு அப்புறம் வர்ற பிரச்சினை பெரும்பாலும் காரணமில்லாம வர்றதில்ல. எந்தப் பார்ட்டைத் தொட்டாங்களோ, அதோட சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர்தான் தகராறு பண்ணும். அதனால பில்லுல "சர்வீஸ் சார்ஜ்"னு மட்டும் போட்டிருந்தா விடாதீங்க. மதர்போர்டா, எஸ்எஸ்டியா, பேட்டரியா, விண்டோஸ் புதுசா போட்டாங்களான்னு கேட்டு எழுதி வாங்குங்க. பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

மதர்போர்டு மாத்தியிருந்தா

என் கதை இதுதான். இப்போ வர்ற பல விண்டோஸ் 11 லேப்டாப்கள்ல, மைக்ரோசாஃப்ட் கணக்கு வெச்சு முதல் தடவை லாகின் பண்ணும்போதே டிஸ்க் என்கிரிப்ட் ஆயிடும். நம்மகிட்ட தனியா கேக்கக்கூட கேக்காது. இதுக்குப் பேர் பிட்லாக்கர். ஹோம் எடிஷன்ல 'டிவைஸ் என்கிரிப்ஷன்'னு இருக்கும். டிஸ்கைத் திறக்கிற சாவி, போர்டோட சேர்ந்து வர்ற டிபிஎம்ங்கிற பாதுகாப்புப் பகுதியில பூட்டி இருக்கும். போர்டு மாறினா டிபிஎம்மும் மாறிடும். எஸ்எஸ்டி பார்வையில இது வேற கம்ப்யூட்டர். யாரோ டிஸ்கைத் திருடி வேற மெஷின்ல மாட்டியிருக்காங்கன்னு நினைச்சு அது ரெகவரி கீ கேக்குது. அதாவது, அது கோளாறே இல்ல. சரியாத்தான் வேலை செய்யுது.

அந்தக் கீ எங்க இருக்கும்? மொபைல்ல மைக்ரோசாஃப்ட் கணக்குல லாகின் பண்ணி, 'டிவைஸஸ்' பகுதிக்குள்ள 'பிட்லாக்கர் ரெகவரி கீஸ்' பாருங்க. நீல ஸ்கிரீன்ல ஒரு 'கீ ஐடி' காட்டும். அதோட முதல் 8 எழுத்தும் கணக்குல இருக்கிற ஐடியும் ஒண்ணா இருந்தா, அதுக்கு நேரா இருக்கிற 48 இலக்கம்தான் உங்க சாவி.

என் கணக்குல பார்த்தேன், இல்ல. காலேஜ் மெயில் ஐடியில பார்த்தேன், அங்கயும் இல்ல. கடை வாசல்லயே உக்காந்து யோசிச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: லேப்டாப் வாங்கின அன்னைக்கு செட்டப் பண்ணினது அக்கா. அவ அப்போ கோயம்புத்தூர்ல வேலையில இருந்தா. ஃபோன் பண்ணினேன். ஆபீஸ்ல இருந்தபடியே கணக்கைத் திறந்து, ஆறு ஆறு இலக்கமா எட்டு தடவை படிச்சுக் காட்டினா. எட்டாவது செட் போட்டு என்டர் தட்டினதும் லாகின் ஸ்கிரீன் வந்தது. அன்னைக்கு சாயங்காலமே சர்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாத்தையும் பிரின்ட் எடுத்து அப்பா கையில கொடுத்தேன்.

அதே வாரம் என் கிளாஸ் பையன் ஒருத்தனுக்கும் இதே நிலைமை. வேற கடை, ஆனா அங்கயும் அதே கேள்வி. அவன் "சரி"ன்னு சொல்லிட்டான். நாலு பேர் சேர்ந்து பண்ணின மினி ப்ராஜெக்ட் அதுலதான் இருந்தது. என்கிரிப்ட் ஆன டிஸ்கை ஃபார்மேட் பண்ணிட்டா ரெகவரி சாஃப்ட்வேர் எதுவும் உதவாது. உள்ள மிச்சம் இருக்கிறதெல்லாம் சாவி இல்லாத வெறும் குப்பை எழுத்துகள்தான்.

கடைக்காரங்களைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. அவங்க வேலை ஹார்ட்வேர். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க நாமதான்.

உள்ள போனதும் போர்டு மாத்தின லேப்டாப்ல இன்னும் நாலு விஷயம் பாருங்க.

1. பின் நம்பர் வேலை செய்யாது. அதுவும் பழைய டிபிஎம்மோட கட்டப்பட்டது. பாஸ்வேர்டு போட்டு உள்ள போய், பின்னைப் புதுசா வெச்சுக்கலாம். அதனால மைக்ரோசாஃப்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கணும்.

2. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ரெகவரி கீ கேட்டா, டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் பண்ணி, முழுசா முடியற வரைக்கும் காத்திருந்து, மறுபடி ஆன் பண்ணுங்க. இப்போ சாவி புது டிபிஎம்ல உக்காரும். ரெகவரி கீயும் மாறியிருக்கும், அதைப் புதுசா குறிச்சு வைங்க.

3. "விண்டோஸ் ஆக்டிவேட் பண்ணுங்க"ன்னு வாட்டர்மார்க் வரலாம். லைசென்ஸ் போர்டோட சேர்ந்தது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்' போய் ட்ரபிள்ஷூட்டர்ல 'ஹார்ட்வேர் மாத்தினேன்'ங்கிற ஆப்ஷனைக் கொடுத்துப் பாருங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மாத்தியிருந்தா, அவங்ககிட்டயே ஆக்டிவேட் பண்ணித் தரச் சொல்லிக் கேளுங்க.

4. பயாஸ்ல சீரியல் நம்பர் காலியா இருக்கான்னு பாருங்க. காலியா இருந்தா கம்பெனி ஆப் உங்க லேப்டாப்பை அடையாளம் கண்டுபிடிக்காது. வாங்கும்போதே எழுதித் தரச் சொல்லுங்க.

பயாஸ் ரீசெட் ஆகியிருந்தா

கிளீனிங்குக்குக் கொடுத்தாகூட சில சமயம் சின்ன காயின் பேட்டரியைக் கழட்டுவாங்க. பயாஸ் செட்டிங்ஸ் பழைய நிலைமைக்குப் போயிடும். அப்போ மூணு விதமா பிரச்சினை வரும்.

தேதி தப்பாகும். நெட் கனெக்ட் ஆகும், ஆனா எந்த சைட்டும் திறக்காம "பாதுகாப்பில்லை"ன்னு சொல்லும். வெப்சைட் சர்டிஃபிகேட்டுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ரெண்டும் உண்டு. உங்க லேப்டாப் 2019-ல இருந்தா, இன்னைய சர்டிஃபிகேட் அதுக்கு இன்னும் பிறக்கவே இல்ல. தேதியைச் சரி பண்ணினா போதும். ஷட்டவுன் பண்ணும்போதெல்லாம் திரும்பத் தப்பானா, காயின் பேட்டரி சரியா மாட்டல அல்லது தீர்ந்து போச்சு. கடைக்குத்தான் போகணும்.

விண்டோஸ் பூட் ஆகாது. 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'னு நீல ஸ்கிரீன் வந்தா, பயாஸ்ல ஸ்டோரேஜ் மோடு மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஏஹெச்சிஐ, ஆர்எஸ்டி, விஎம்டின்னு லேப்டாப்புக்குத் தகுந்த மாதிரி பேர் இருக்கும். முன்னாடி எதுல இருந்ததோ அதுக்கு மாத்தினாலே பூட் ஆயிடும். இதுக்குப் போய் விண்டோஸ் மறுபடி போடுறது, சாவி தொலைஞ்சதுக்கு வீட்டையே இடிக்கிற மாதிரி.

எமுலேட்டர் ஓடாது. நேத்து வரைக்கும் ஓடின ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டர், விர்ச்சுவல்பாக்ஸ், டாக்கர் எல்லாம் எரர் காட்டும். பயாஸ்ல 'விர்ச்சுவலைசேஷன்' ஆஃப் ஆகியிருக்கும். டாஸ்க் மேனேஜர்ல 'பெர்ஃபார்மன்ஸ்', 'சிபியு' பார்த்தா தெரியும். பயாஸ்ல ஆன் பண்ணுங்க. ஆனா பயாஸை மாத்தறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் கீ கையில இருக்கட்டும்.

புது எஸ்எஸ்டி, புது விண்டோஸ் போட்டிருந்தா

வைஃபை ஐகானே இல்லையா? டிரைவர் ஏறல. டிரைவர் டவுன்லோடு பண்ண நெட் வேணும், நெட் வர டிரைவர் வேணும். இதுக்கு வழி நம்ம கையிலேயே இருக்கு: மொபைலை கேபிள்ல மாட்டி 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் பண்ணுங்க. அப்புறம் விண்டோஸ் அப்டேட்ல 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' உள்ள டிரைவர்கள் இருக்கும். இல்லைன்னா லேப்டாப் கம்பெனி சைட்ல சீரியல் நம்பர் போட்டு எடுங்க. "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்ல"ன்னு சொல்ற ஆப் பக்கம் போகாதீங்க.

டிவைஸ் மேனேஜர்ல 'அன்நோன் டிவைஸ்'னு மஞ்சள் முக்கோணத்தோட ஒண்ணு இருந்தா, அதோட 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்', 'ஹார்ட்வேர் ஐடி' பாருங்க. தயாரிச்ச கம்பெனியோட எண் அதுல இருக்கும். இன்டெலோட எண் என்ன தெரியுமா? 8086. மைக்ரோப்ராசஸர் லேப்ல நம்ம உயிரை எடுத்த அதே 8086!

இன்னும் ரெண்டு பாருங்க. ஒண்ணு, ஆக்டிவேஷன் பக்கத்துல "உங்க நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்" மூலமா ஆக்டிவேட் ஆனதா இருந்தா, யோசிங்க: நமக்கு ஏது நிறுவனம்? கிராக் போட்டிருக்காங்க. விண்டோஸ் செக்யூரிட்டியில 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைப் பாருங்க. நீங்க சேர்க்காத ஃபோல்டர் இருந்தா, ஆன்ட்டிவைரஸ் அந்த இடத்தைப் பார்க்கவே வேண்டாம்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. ரெண்டாவது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற இலவச சாஃப்ட்வேர்ல 'பவர் ஆன் ஹவர்ஸ்' பாருங்க. புது எஸ்எஸ்டின்னு வாங்கினது ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருந்தா, அது புதுசு இல்ல.

ஹார்ட்வேரா, சாஃப்ட்வேரா?

கடைக்குத் திரும்பப் போகணுமா, நாமே சரி பண்ணலாமான்னு முடிவு பண்ண எளிய சோதனைகள் இருக்கு. டச்பேட், கேமரா மாதிரி ஒண்ணு டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணத்தோட இருந்தா, முதல்ல டிரைவரைச் சந்தேகப்படுங்க. பட்டியல்லயே இல்லைன்னா, உள்ள கேபிள் சரியா மாட்டாம இருக்கலாம். கீபோர்டு பயாஸ் ஸ்கிரீன்ல ஒழுங்கா வேலை செஞ்சு விண்டோஸ்ல மட்டும் தகராறு பண்ணினா, சாஃப்ட்வேர். ரேம் முழுசா இருக்கான்னு டாஸ்க் மேனேஜர்ல பாருங்க. 16 ஜிபி கொடுத்து 8 ஜிபி வந்தா, அங்கேயே கேட்டுடுங்க.

எல்லாத்தையும் விட நல்ல சோதனை: பென்டிரைவ்ல உபுண்டு போட்டு, இன்ஸ்டால் பண்ணாம 'ட்ரை' ஆப்ஷன்ல ஓட்டிப் பாருங்க. அங்க வைஃபை, சவுண்ட் வந்தா பார்ட்ஸ் நல்லா இருக்கு, விண்டோஸ்லதான் வேலை. அங்கயும் வரலைன்னா அநேகமா ஹார்ட்வேர். அதைக் காட்டியே கடையில பேசலாம்.

கொடுக்கறதுக்கு முன்னாடி

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் ஒண்ணு தப்பாப் போய், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீன்ல நின்னுச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அன்னைக்கு எத்தனையோ கம்பெனி ஐடி ஆட்கள், மெஷின் மெஷினா உக்காந்து இதே 48 இலக்கத்தை டைப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. பெரிய கம்பெனியோ முடிச்சூர் வீடோ, சாவி பூட்டுக்கு வெளியில இருக்கணும்.

அதனால இதைப் படிச்சு முடிச்சதும் மூணு வேலை பண்ணுங்க. உங்க ரெகவரி கீ யாரோட கணக்குல இருக்குன்னு பார்த்து, ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் சர்டிஃபிகேட் ஸ்கேனையும் லேப்டாப்புக்கு வெளியில ஒரு காப்பி வைங்க. பயாஸ் ஸ்கிரீனை மொபைல்ல நாலு ஃபோட்டோ எடுத்து வைங்க.

அந்தப் பேப்பரை எங்க வைக்கிறதுன்னு கேக்குறீங்களா? எங்க வீட்டுல இப்போ பரண் மேல இருக்கு.