எடையும் இடுப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

உடல் பருமன் வசதி படைத்தவர்களின் பிரச்சினை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக இருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை கொண்டவர்கள். 2015–16இல் இது முறையே 30.9, 28.2 விழுக்காடாக இருந்தது. ஐந்தில் இருவர் என்றான பிறகு இதைப் பணக்கார வியாதி என்று ஒதுக்க இடமில்லை.

ஒல்லியானவருக்குச் சர்க்கரை நோய் வராது என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் 22.3தான். ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்திய உடல்வாகில் தசை குறைவு. கொழுப்பு வயிற்றுக்குள் சேர்வது அதிகம். ஆகவேதான் இந்தியர்களுக்கு மிகை எடை 25இல் அல்ல, 23இலேயே தொடங்குவதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. அளக்க வேண்டியது தொப்பைக்குக் கீழே பேன்ட் நிற்கும் இடத்தில் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில்.

கொழுகொழு குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்பதும் சரியல்ல. பள்ளி வயதில் பருமனாக இருக்கும் பிள்ளைகளில் பலர் பெரியவர்களான பிறகும் அப்படியே தொடர்கிறார்கள்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் இளைத்துவிடலாம் என்பார்கள். 100 கிராம் அரிசியிலும் சரி, கோதுமை மாவிலும் சரி, ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. தட்டில் விழும் அளவுதான் முக்கியம். வெந்நீரில் கலந்த தேன் கொழுப்பைக் கரைப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டித் தேன் தன் பங்குக்கு 60 கலோரியைக் கூட்டவே செய்யும்.

பருமனானவர்களைச் சோம்பேறி என்று பழிப்பது அநியாயம். எடை குறையும்போது உடல் ஆற்றல் செலவைச் சுருக்குகிறது, பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டுகிறது. மரபணு, தூக்கம், சில மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

எடை குறையாவிட்டால் முயற்சி வீண் என்று பலர் நடைப்பயிற்சியைப் பாதியில் கைவிடுகிறார்கள். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் சென்னையில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.