தாங்கியின் மேலே ஏறிப் பாரும்



தம்பி, உமக்குத் திருகோணமலை லிங்கநகரில் வீடு, சீனக்குடாப் பக்கம் எரிபொருள் ஏற்றி இறக்கும் கம்பனியொன்றில் தகவல் முறைமைப் பிரிவில் வேலை. பட்டம் முடித்த கையோடு கிடைத்த வேலை, சந்தோஷம். வந்த மாதமே முகாமையாளர் நாற்பது அறிக்கை கேட்கிறார், அவற்றைத் திரையில் காட்ட எந்த மென்பொருள் நல்லது என்று எழுதியிருந்தீர். மென்பொருள் கிடக்கட்டும். அந்த நாற்பதில் எதைப் பார்த்து அவர் என்ன தீர்மானத்தை மாற்றப்போகிறார் என்று கேட்டுப் பாரும். கேட்கத் தயக்கமென்றால் ஒன்றிரண்டை ஒரு வாரம் அனுப்பாமல் விடும். யாரும் தேடாவிட்டால் அது தேவையில்லாத அறிக்கை. கையிருப்பு அறிக்கையில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

தேவையைப் பார்த்து முறைமை கட்டியதற்குப் பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். லண்டனில் தேநீர்க்கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பனி, 1951இல் தன் அலுவலக வேலைக்கென்றே லியோ என்ற கணினியைத் தானே கட்டி ஓட்டியது. கணினியென்றால் பல்கலைக்கழகத்துக்கும் இராணுவத்துக்கும் என்றிருந்த காலம் அது. எனக்குப் பிடித்தது இயந்திரமல்ல, கடைகளுக்குச் சரக்கு அனுப்ப அவர்கள் வகுத்த ஒழுங்கு. கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கடைக்கும் நிலையான ஓடர் ஒன்று இருக்கும். கடையை நடத்தும் பெண், மாற்றம் இருந்தால் அதை மட்டும் தொலைபேசியில் சொல்வார். அலுவலகத்தில் அது அட்டையில் துளையிடப்படும். மற்றதெல்லாம் இயந்திரத்தின் பாடு. கடையில் நிற்பவருக்கு எழுத்துவேலை குறைந்ததே தவிரக் கூடவில்லை. இந்தத் தெளிவு ஒரே நாளில் வந்ததல்ல. அலுவலக வேலைமுறைகளை ஆராய 1930களிலேயே அவர்கள் ஒரு பிரிவை வைத்திருந்தார்கள். இன்று பல கம்பனிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் மென்பொருள் வாங்குவார்கள், வேலை எப்படி நடக்கிறது என்று பிறகு விசாரிப்பார்கள்.

நீர் இருக்கும் இடத்துக்கு வருவோம். சீனக்குடாவில் எத்தனை தாங்கி? ஊரில் யாரைக் கேட்டாலும் 99 என்பார்கள். 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தார்கள். கூட்டினால் 99 சரிதான். ஆனால் மேல் தொகுதித் தாங்கிகள் பல பத்தாண்டுகளாகப் பற்றைக்காட்டுக்குள் கிடந்தவை. ‘தாங்கி’ என்று ஒரு கட்டம் போட்டு 99 என்று நிரப்பினால், எண்ணெய் ஊற்றக்கூடியது எத்தனை என்பதற்கு உம்முடைய முறைமை பதில் சொல்லாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்பதை அதை நிரப்புகிறவரோடு இருந்து பேசி எழுதி வையும். சலிப்பான வேலை. உம்முடைய சம்பளத்தில் பாதி இதற்குத்தான்.

இன்னொன்று, பாடப்புத்தகத்தில் இராது. பெற்றோல் வெயிலில் பெருக்கும், குளிரில் சுருங்கும். 13,200 லீற்றர் பவுசரில் 5 பாகை குறைந்தால் ஏறத்தாழ 70 லீற்றர் காணாமற்போகும். யாரும் தொடவில்லை, ஆவியாகவும் இல்லை. அதனால்தான் இந்தத் துறையில் அளவை 15 பாகை செல்சியஸுக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கிறார்கள். வெப்பநிலைக்குக் கட்டம் இல்லாத முறைமை அந்த 70 லீற்றரைக் குறைவு என்று சிவப்பில் காட்டும். பழி சாரதியின் தலையில் விழும். எண்ணெய் மட்டத்தை அளக்க டிப் கோல் பிடிக்கிறவரோடு தாங்கியின் மேலே ஏறிப் பாரும், காலையிலும் மத்தியானத்திலும்.

டிப் பார்க்கிறவரிடமும் களஞ்சியப் பொறுப்பாளரிடமும் தனிக் கொப்பி இருக்கும். கணினி வந்த பிறகும் ஏன் கொப்பி என்று முகாமையாளர் கோபிப்பார். நீர் கோபிக்க வேண்டாம், வாசிக்கக் கேளும். திரையில் இடமில்லாததெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

நல்ல முறைமைக்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் செட் வரிசையில் நீரும் நின்றிருப்பீர். வாகனத்தின் கடைசி இலக்கத்துக்கு நாள் ஒதுக்கிப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 1 முதல் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் மட்டுமே எரிபொருள் என்றானது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அதனால் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கூடவில்லை. ஒரே வாகனம் நாலு செட்டில் அடித்துச் சேர்ப்பது நின்றது, வரிசை சுருங்கியது. செட்டில் தேவைப்பட்டது ஒரு கைபேசி மட்டுமே. நான் பார்த்த முறைமைகளில் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போடுவேன். குறையும் இருந்தது. தொடக்கத்தில் அது வாகன இலக்கத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டது. மின்பிறப்பாக்கியும் மற்ற இயந்திரங்களும் பிறகுதான் சேர்ந்தன. இலக்கத்தகடு இல்லாத தேவை கணக்குக்குள் வரக் காலம் பிடித்தது. உம்முடைய அட்டவணைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று முதல் நாளே கேளும்.

எஸ்ஏபி மென்பொருள் சான்றிதழுக்குப் படிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர். படியும், கொழும்பில் அதற்கு மதிப்புண்டு. ஆனால் அதற்குக் காசு கட்டுமுன் கிரயக் கணக்கியல் வகுப்பொன்றில் சேரும். பற்று எது, வரவு எது என்று கணக்காளர் கேட்டு நீர் முழிக்கிற அன்றைக்கு அவர் உம்மை நம்புவதை விட்டுவிடுவார்.

அன்புடன்,
பழைய களஞ்சியக் கணக்குக்காரன்