கீஸர் சுடவில்லையா? கம்ப்யூட்டர் கோளாறைக் கண்டுபிடிப்பது போலவே கண்டுபிடியுங்கள்!

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் யாரும் எடுத்த எடுப்பில் கேபினட்டைக் கழற்றுவதில்லை. முதலில் பிளக், பிறகு சுவிட்ச், பிறகு பவர் கேபிள், கடைசியாகத்தான் எஸ்.எம்.பி.எஸ். கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்திலேயே இந்தப் பாடம் எல்லோருக்கும் பழகிவிடும். இதே பாடம் குளியலறைச் சுவரில் தொங்கும் கீஸருக்கும் அப்படியே பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே, எளியதிலிருந்து கடினமானதற்கு என்ற வரிசையில் போனால் பாதிக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. கம்ப்யூட்டரில் தவறு செய்தால் ஃபைல் போகும். கீஸரில் தவறு செய்தால் உயிர் போகும். ஈரத் தரை, வெறுங்கால், 230 வோல்ட் மூன்றும் சேரும் இடம் அது. எனவே மூடியைக் கழற்றும் வேலை எலக்ட்ரீஷியனுக்கு. அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வேலை உங்களுக்கு.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு தொட்டி, அதற்குள் தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட், குறிப்பிட்ட சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட், அது வேலை செய்யாவிட்டால் காப்பாற்றும் தெர்மல் கட்-அவுட், அழுத்தம் அதிகமானால் தண்ணீரை வெளியேற்றும் சேஃப்டி வால்வு ஆகியவை உள்ளன. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் மெக்னீசியம் ராடும் பெரும்பாலான கீஸர்களில் உண்டு. பச்சைத் தண்ணீர் தொட்டியின் அடியில் நுழைந்து, மேலே உள்ள வெந்நீரை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் மாடித் தொட்டி காலியானால் கீஸர் நிறைய வெந்நீர் இருந்தும் குழாயில் வராது.

அறிகுறி 1: விளக்கே எரியவில்லை

மெயின் போர்டில் கீஸருக்கான எம்.சி.பி. கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், அதே சாக்கெட்டில் பொருந்தும் வேறொரு சாதனத்தை உலர்ந்த கையோடு செருகிப் பாருங்கள். அதுவும் இயங்கவில்லை என்றால் கோளாறு கீஸரில் இல்லை, வயரிங்கில்.

2000 வாட் கீஸர் சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஸ்பைக் பஸ்டரில் கீஸரைச் செருகவே கூடாது. அவை பெரும்பாலும் 6 ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை. பிளக் பின் கறுத்திருந்தாலோ, சாக்கெட் உருகிய வாடை வந்தாலோ இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும்.

அறிகுறி 2: விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை

பல கீஸர்களில் இரண்டு விளக்குகள் இருக்கும். ஒன்று மின்சாரம் வருவதைக் காட்டும், மற்றது சூடாகிக்கொண்டிருப்பதைக் காட்டும். தண்ணீர் பச்சையாக இருந்தும் இரண்டாவது விளக்கு எரியவில்லை என்றால் தெர்மோஸ்டாட் அல்லது கட்-அவுட் மீது சந்தேகம். எரிந்தும் சுடவில்லை என்றால் எலிமெண்ட் மீது சந்தேகம்.

எலிமெண்ட்டைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு எலக்ட்ரீஷியன் இதைச் செய்வார். 230 × 230 ÷ 2000 என்று கணக்கிட்டால் சுமார் 26 ஓம் வரவேண்டும். 3000 வாட் என்றால் சுமார் 18 ஓம். மீட்டர் எதையுமே காட்டவில்லை என்றால் எலிமெண்ட் அறுந்துவிட்டது. மாற்றச் சொல்வதற்கு முன் அந்த ரீடிங்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கட்-அவுட்டில் ரீசெட் பட்டன் இருந்தால் ஒருமுறை அழுத்தியதும் சரியாகலாம். மீண்டும் துண்டித்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். திரும்பத் திரும்ப ரீசெட் செய்து காலம் ஓட்டக் கூடாது.

அறிகுறி 3: சுடுவதற்கு அதிக நேரம்

கம்ப்யூட்டரின் வேகத்தை அளப்பது போல கீஸரையும் அளக்கலாம். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் எலிமெண்ட்டுக்குச் சுமார் 18 நிமிடம் தேவை. 25 லிட்டருக்குச் சுமார் 30 நிமிடம். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

நேரம் கூடினால் முதலில் வோல்டேஜைக் கவனியுங்கள். உங்கள் யு.பி.எஸ். அல்லது ஸ்டெபிலைசரில் வோல்டேஜ் காட்டும் திரை இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். 180 வோல்ட் வந்தால் 2000 வாட் எலிமெண்ட் சுமார் 1225 வாட் அளவுக்கே வேலை செய்யும். 18 நிமிடம் 30 நிமிடமாகிவிடும். அங்கே கீஸரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சூடாகும்போது உள்ளே பொரிவது போலச் சத்தம் வந்தால் எலிமெண்ட் மீது உப்பு படிந்திருக்கிறது. போர் தண்ணீர் வரும் வீடுகளில் இது சகஜம். உப்புப் படிவு சூட்டை வெளியே விடாததால் எலிமெண்ட் தானே காய்ந்து சீக்கிரம் எரிந்துபோகும். உப்பை நீக்கும்போதே மெக்னீசியம் ராடையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டை 50 - 55 டிகிரியில் வைத்தால் உப்பு படிவது குறையும்.

அறிகுறி 4: தண்ணீர் சொட்டுகிறது

எங்கிருந்து என்று பாருங்கள். சூடாகும் நேரத்தில் மட்டும் சேஃப்டி வால்விலிருந்து சொட்டினால் பயப்பட வேண்டாம். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் கால் முதல் அரை லிட்டர் வரை விரிவடையும். அதற்கு வெளியேற வழி வேண்டும். தொந்தரவாக இருக்கிறதென்று அதை அடைப்பது மிகப் பெரிய ஆபத்து. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் பழுதான ஒரு நாளில், வெளியே போக வழியில்லாத அழுத்தம் தொட்டியையே வெடிக்கச் செய்யும். நீராவி, தண்ணீரைப் போல 1600 மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கீஸர் ஆஃப் ஆகி ஆறிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வை மாற்றுங்கள். வெளி மூடியின் அடியிலிருந்து கசிந்தால் தொட்டி ஓட்டையாகியிருக்கலாம். அப்படியானால் ஒட்டுப்போட்டுப் பார்க்காமல் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புதிய கீஸர் வாங்குவதே நல்லது.

அறிகுறி 5: ஷாக் அடிக்கிறது, அல்லது டிரிப் ஆகிறது

குழாயைத் தொட்டதும் லேசாகச் சுள்ளென்றாலும் குளிப்பதை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். மெயினை ஆஃப் செய்த பிறகே மற்றது. எலிமெண்ட்டின் மேலுறை விரிந்து மின்சாரம் தண்ணீரில் கசிகிறது என்பதே இதற்கு வழக்கமான காரணம்.

எம்.சி.பி. அதிக மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும். ஆர்.சி.சி.பி. மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும். வீடுகளுக்கானது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டித்துவிடும். கீஸர் போட்டால் மட்டும் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிறதென்றால் அது தன் கடமையைச் செய்கிறது. அதை நீக்கிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்கவோ, எர்த் வயரைக் கழற்றிவிடவோ யாராவது யோசனை சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் காட்டும் எச்சரிக்கை

டெஸ்க்டாப் கேபினட்டைத் தொடும்போது சிலருக்கு லேசாகக் கூசுவது போல இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் கேபினட்டுக்கு வரும். அது எர்த் வழியே போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் தங்கிவிடும். ஆகவே கூச்சம் தெரிந்தால் உங்கள் வீட்டு எர்த்தை உடனே சோதிக்கச் சொல்லுங்கள். அந்த எர்த்தை நம்பித்தான் கீஸரும் இருக்கிறது. கூச்சம் இல்லை என்பதால் எர்த் நன்றாக இருப்பதாக முடிவு கட்டவும் கூடாது. டெஸ்டரையோ மீட்டரையோ கொண்டு எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும்.

எர்த் நன்றாக இருந்தாலும், ஆர்.சி.சி.பி. இருந்தாலும், கீஸரை ஆஃப் செய்துவிட்டுக் குளிக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். கேஸ் கீஸர் வைத்திருப்பவர்கள் அதைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பொருத்த வேண்டும். மூடிய அறையில் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

இனி எலக்ட்ரீஷியனை அழைக்கும்போது “கீஸர் ரிப்பேர்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “முதல் விளக்கு எரிகிறது, இரண்டாவது எரியவில்லை, டிரிப் ஆகவில்லை” என்று சொல்லுங்கள். சரியான ஸ்பேர் பார்ட்டோடு வருவார். தேவையில்லாததை மாற்றவும் மாட்டார்.