கிணற்றில் கிடைத்த இரும்பு உருண்டை

கேள்வி: எங்கள் வயல் கிணற்றைத் தூர்வாரியபோது தேங்காய் அளவில் துருவேறிய இரும்பு உருண்டை கிடைத்தது. பீரங்கிக் குண்டாக இருக்குமா? துருவைச் சுரண்டி வீட்டில் வைக்கலாமா?
- வாசகர், செஞ்சி

பதில்: தயவுசெய்து சுரண்டாதீர்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். செஞ்சிக் கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். எனவே அது குண்டாக இருக்க வாய்ப்புண்டு. சிமென்ட் ஆலைகளில் அரைக்கப் பயன்படும் எஃகு உருண்டையும் பார்வைக்கு இப்படியே இருக்கும்.

பீரங்கிக் குண்டு இரண்டு வகை. முழுக்க இரும்பாலானது வெடிக்காது. உள்ளே குடைந்து வெடிமருந்து நிரப்பியதுதான் ஆபத்து. அதில் திரி செருகும் துளை இருக்கும். துரு அதை மூடியிருக்கலாம். ஆகவே, துளை தெரியவில்லை என்பதற்காகத் துணிய வேண்டாம். கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கக்கூடியது. 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலக் குண்டைச் சுத்தம் செய்த சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார்.

தட்டுவது, துளையிடுவது, சூடாக்குவது, பழைய இரும்புக்கடையில் போடுவது எதுவும் கூடாது. தள்ளி நின்று படமெடுங்கள். பிள்ளைகளை அண்டவிடாமல் 112ஐ அழையுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் சோதிக்கட்டும். ஆபத்தில்லை என்றானபின் ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். மண்ணில் கிடைக்கும் மதிப்புள்ள பொருளுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் அதைக் கடமையாக்குகிறது. கிடைத்த ஆழத்தையும் குறித்துக் கொடுங்கள். ஆய்வாளர்களுக்கு அது பெரிதும் உதவும்.