900 ரூபாய்க்கு எத்தனை யூனிட்? கரண்ட் பில்லில் ஒரு குட்டி சமன்பாடு

பில் தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த பிறகுதான் 'ஐயோ, இவ்வளவா!' என்கிறோம். ரீடிங் எடுக்க வரும் முன்னாடியே தெரிந்துகொள்ள ஸ்கூலில் படித்த இயற்கணிதம் போதும். செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் அமலான வீட்டு மின்கட்டணத்தை வைத்துப் பழகுவோம். (2024 ஜூலையில் கட்டணம் திருத்தப்பட்டது. வழி பிடிபட்டதும், மின்வாரிய இணையதளத்தில் இப்போதைய விகிதத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.) இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6.

பில் 900 ரூபாயைத் தாண்டக் கூடாது. எத்தனை யூனிட் ஓட்டலாம்?

200 யூனிட்டுக்கு 225 ரூபாய். அதற்கு மேல் எத்தனை யூனிட் என்பதுதான் தெரியாது. அதற்கு எக்ஸ் என்று பேர் வைப்போம்.

225 + 4.50 × எக்ஸ் = 900

இரண்டு பக்கமும் 225-ஐக் கழியுங்கள்.

4.50 × எக்ஸ் = 675

இரண்டு பக்கத்தையும் 4.50-ஆல் வகுங்கள்.

எக்ஸ் = 150

'அந்தப் பக்கம் போனா மைனஸ்' என்று மனப்பாடம் செய்திருப்போம். உண்மையில் எதுவும் எங்கேயும் போவதில்லை. தராசின் இரண்டு தட்டிலிருந்தும் ஒரே எடையை எடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆக மொத்தம் 350 யூனிட். போன தடவை ரீடிங் 14,280 என்றால், மீட்டர் 14,630 காட்டும்போது பில் 900-ஐத் தொட்டிருக்கும்.

பட்ஜெட் 1,300 ரூபாய் என்றால்? அதே சமன்பாட்டில் எக்ஸ் சுமார் 239 வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரூ.4.50 விகிதம் 200 யூனிட்டுக்குத்தான் பொருந்தும், 239-க்குப் பொருந்தாது. அதனால் அடுத்த படியிலிருந்து தொடங்க வேண்டும். 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய்.

1,125 + 6 × எக்ஸ் = 1,300

எக்ஸ் 29-க்குக் கொஞ்சம் மேல். அதாவது 429 யூனிட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

500-ஐத் தாண்டினால் சமன்பாடே வேறு. சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் ரூ.2.25 சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் ரூ.4.50, கூடுதல் 225 ரூபாய். 501-ஆவது யூனிட்டுக்குத் தனியாக 8 ரூபாய். பில் 1,958! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் அதிகம். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் அந்த ஒரு யூனிட் முடிந்தது.