சரக்கு வேனில் ஸ்பீக்கரும் வோல்ட் மீட்டரும்



நம்மில் பலர் வேனில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மாட்டி, ஊர் ஊராக விலை சொல்லி விற்கிறோம். என் வேனிலும் உண்டு. சென்ற ஆண்டு திண்டிவனத்தில் ஒரு தெருவில் இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டும் விளம்பரமும் ஓடின. மீட்டர் 12.4 வோல்ட் காட்டியது, தைரியமாக இருந்தேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டுமே. விழுப்புரம் கடைகளுக்கு அன்று சரக்கு போய்ச் சேரவில்லை. பேட்டரியை நேரே அளந்தபோது 11.9. மீட்டர் அரை வோல்ட் கூட்டிச் சொல்லியிருக்கிறது.

அரை வோல்ட் அற்பமன்று. நல்ல பேட்டரி முழு சார்ஜுடன் ஓய்வில் இருக்கையில் 12.6 முதல் 12.7 காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 11.9 என்றால் கல்லா காலி. ஆக, மொத்த இடைவெளியே முக்கால் வோல்ட்தான். முக்கால் கிலோவில் அரைக் கிலோ பிசகும் தராசைக் கடையில் வைப்போமா?

மாட்டும் முறைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்டீரியோவுக்குப் போகும் வயரிலேயே மீட்டரையும் சேர்த்துவிடுவது சுலபம். ஆனால் ஆம்ப்ளிஃபயர் கரண்ட் இழுக்கும்போது அந்த வயரிலேயே வோல்ட் சிறிது குறைந்து, கணக்கு தவறும். ஆகவே பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்தே தனி வயர் இழுத்து, முனைக்கு அருகிலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸும், வழியில் ஒரு சுவிட்சும் வையுங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால் மீட்டரே இரவெல்லாம் கரண்ட் குடிக்கும். கறுப்பு வயரை வண்டியின் பாடியில் முறுக்காமல் மைனஸ் முனைக்கே கொண்டுபோங்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம். இதற்கு முத்திரை அதிகாரி வரமாட்டார், நாம்தான் பார்க்க வேண்டும். நம்பகமான மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, காலையில் வண்டியைக் கிளப்புமுன் ஒரு முறையும், இன்ஜின் ஓடும்போது ஒரு முறையும் ஒப்பிடுங்கள். பல டிஜிட்டல் மீட்டர்களின் பின்புறம் ஒரு சிறு திருகு இருக்கும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் இரண்டும் ஒத்துவரும். திருகு இல்லையேல், எவ்வளவு வித்தியாசம் என்று சீட்டெழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஓய்வில் ஒத்து, ஓட்டத்தில் ஒவ்வாத மீட்டரைத் தூக்கிப் போடுவதே லாபம்.

இன்ஜின் ஓடுகையில் சாதாரணமாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 13-க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டில் தொடங்குங்கள். நிறுத்திய வண்டியில் ஸ்பீக்கர் ஓடும்போது 12.2-க்கு வந்தால் பாட்டை நிறுத்தி இன்ஜினைக் கிளப்பிவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.